"மருந்து ஒத்துக்கலை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இனி உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 9, இரவு 11.52

பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். போன வாரம் கேஷுவாலிட்டிக்குக் குளவி கொட்டி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அட்ரினலின் அரை மில்லி தொடையில் போடச் சொன்னார் சீனியர். அந்தக் கூட்டத்தில் என் காதில் விழுந்தது 'அட்ரினலின்' மட்டும்தான். ஒரு ஆம்பூல், அதாவது ஒரு சிறு குப்பி மருந்து முழுவதையும் நேராக ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டேன். நாடித்துடிப்பு 170க்குப் போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். இருபது நிமிடத்தில் அடங்கியது. ஒரு நாள் வைத்திருந்து, ஈசிஜி சரியான பிறகு அனுப்பினோம். அவர் மனைவியிடம் சீனியர், "மருந்து கொஞ்சம் ஒத்துக்கலைம்மா, இப்ப சரியாயிடுச்சு" என்றார். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதில்: பிப்ரவரி 10, காலை 6.20

சொல்ல வேண்டும். நியாய தர்மத்தைப் பிறகு பேசுவோம். முதல் காரணம் அந்த மனிதரின் உயிர்.

குளவி கொட்டி ஒருமுறை இப்படி ஆனவருக்கு மறுமுறையும் ஆகலாம். அப்போது அவர் வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன சொல்வார் தெரியுமா? "எனக்கு அந்த ஊசி ஆகாதுங்க, போன தடவை போட்டு நெஞ்சே அடைச்சிருச்சு." அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றக்கூடிய முதல் மருந்தை அவரே கையை நீட்டித் தடுப்பார். 'ஒத்துக்கலை' என்ற ஒரு வார்த்தை அவ்வளவு தூரம் போகும்.

மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளும். போட்ட அளவும் போட்ட வழியும்தான் தவறு. இதை அவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பிப்ரவரி 10, காலை 6.41

ஒன்று விட்டுப்போனது. போனில் சொல்லாதீர்கள். மறுபரிசோதனைக்கு என்று வரச் சொல்லுங்கள், மனைவியையும் அழைத்து வரச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல், யூனிட்டில் மூத்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10, இரவு 10.15

நைட் டியூட்டி இல்லாத நாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் 19 வருடம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு பையனிடமிருந்து வந்தது.

2017, ஐப்பசி மழைக்காலம். தெற்கே ஒரு அரசு மருத்துவமனை. விடியற்காலை 3.50க்கு ஒரு பாட்டி பதினோரு வயதுப் பேரனை ஆட்டோவில் தூக்கி வந்தார். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. முந்தைய நாள் வைத்த மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறான். அதே நேரத்தில் பைபாஸில் வேன் கவிழ்ந்து நாலு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்குத் தொடை எலும்பு வெளியே தெரிந்தது. நான் பையனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. வாந்திக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று ஊசி எழுதிக்கொடுத்து, பக்கத்துக் கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னேன்.

பாட்டி என் பின்னாலேயே வந்தார். "தாயி, புள்ளைக்குக் கண்ணு சொருகுது. ஒரு நிமிசம் வந்து பாரு." திரும்பிக்கூடப் பார்க்காமல், "தூக்கக் கலக்கம்மா அது, மணி நாலு" என்றேன். அவர் போய்விட்டு மறுபடி வந்தார். இந்த முறை பையனின் இமையைக் கட்டை விரலால் தூக்கிவிட்டு, விரலை எடுத்துக் காட்டினார். இமை அப்படியே கீழே விழுந்தது. தூரத்திலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

5.15க்கு எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் வந்து, "மேடம், பையன் மூக்கால பேசுறான், எச்சில் முழுங்க முடியல" என்றார். அப்போதுதான் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. "ராத்திரி எங்க படுத்திருந்தான்?" தரையில், பாட்டி பக்கத்தில், பாயில். கட்டுவிரியன். கடித்த இடமே தெரியாது, வலிக்கவும் வலிக்காது. தரையில் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். நானே வருடா வருடம் ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது.

5.40க்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டோம். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம். ஐந்து நாள் வெண்டிலேட்டரில் இருந்தான். பிழைத்தான்.

மூன்றாம் நாள் அவன் அப்பாவை என் அறையில் உட்காரவைத்துச் சொன்னேன். "உங்க பையன் வந்தப்பவே உங்க அம்மா கண்ணைக் காட்டினாங்க. நான் கவனிக்கல. ஒன்றரை மணி நேரம் தாமதம் ஆச்சு. தப்பு என்னோடது." நான் அடிக்குத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப, எங்க ஆத்தா கொடுத்த மீன் குழம்பால இல்லையா?"

மூன்று நாளாக அந்த வீட்டில் எல்லோரும் அந்தக் கிழவியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாம்பு என்று தெரிந்த பிறகும் விடவில்லை. குழம்பால் உடம்பு பலவீனமாகிவிட்டது, கட்டிலில் படுக்க வைத்திருக்க வேண்டும், சீக்கிரம் எழுந்து பார்த்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளில் பிழையில்லாமல் நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

நாம் வாயை மூடிக்கொண்டால் பழி அத்தோடு போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. அந்த வீட்டிலேயே இருக்கிற யாரோ ஒருவர் தலையில் இறங்கும். பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் தலையில்.

பிப்ரவரி 11, மதியம் 2.05

"ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்யவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்திருந்தால் இன்னும் ஏமாந்திருப்பேன். கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாமல் வைத்துப் பார்க்கும் சோதனை, கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும்தான் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் விஷம் போவது நரம்புக்கு. ரத்தம் ஒழுங்காக உறையும். இமை, விழுங்குதல், ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது, இவைதான் சோதனை. அதாவது அந்தப் பாட்டி கட்டை விரலால் செய்து காட்டியது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய, அதாவது வரும் ஒவ்வொரு கேஸையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. கடி எத்தனை என்பது இனிச் சரியாகத் தெரியவரும். முதலில் வயிற்றுவலி என்று படுக்க வைத்தது எத்தனை என்பதையும் ஒரு பத்தியில் எழுத இடம் விட்டால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 11, இரவு 9.30

அப்பாவிடம் பேசியதில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு என்று சொன்ன கையோடு, "நாலு மணிக்கே மருந்து போட்டிருந்தாலும் வெண்டிலேட்டர் தேவைப்பட்டிருக்கலாம்" என்றேன். மருத்துவரீதியாக அது உண்மை. கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைப் பிடித்துவிட்டால் மருந்தால் அதைத் திருப்ப முடியாது. ஆனால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததும் அவர் முகம் மாறியது. மன்னிப்பைக் கையில் கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொண்டது போல.

இப்போது அதைக் கடைசியில், அவர்களே கேட்டால் மட்டும் சொல்கிறேன். எப்படியும் கேட்பார்கள். "அப்பவே பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்காத வீடு இல்லை. அப்போது தெரிந்ததைத் தெரிந்த மட்டும் சொல்லலாம்.

பிப்ரவரி 13, இரவு 11.10

சட்டத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு 'சொல்லுங்கள்' என்று யாரையும் தூண்ட மாட்டேன்.

உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பிலிருந்து காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. கிரிமினல் வழக்கு வேறு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும் என்றது. விசாரிக்கும் அதிகாரி முதலில் வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெற வேண்டும், எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், அலட்சியத்தால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை, பதிவுபெற்ற மருத்துவருக்குச் சிகிச்சையின்போது என்றால் 2 ஆண்டு வரை சிறை.

'வருத்தப்படுகிறேன்' என்று அனுதாபமாகச் சொன்னதையே சாட்சியாக்கக்கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986லேயே சட்டம் போட்டது. அப்படி ஒரு பாதுகாப்பு நம்மிடம் இல்லை. இருக்க வேண்டும் என்று மருத்துவர் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்யும்போது வைக்கிற கோரிக்கைகளில் இதையும் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அதே நேரம், மறைப்பதும் பாதுகாப்பு இல்லை. கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகளிலேயே இருக்கிறது. பின்னால் திருத்தி எழுதியது தெரிந்தால், செய்த தவறைவிட அதுதான் பெரிய குற்றமாக நிற்கும்.

கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்று 1987இல் ஒரு முடிவெடுத்தது. வீட்டாருக்குத் தெரிய வழியே இல்லாத தவறுகளையும் தானே கூப்பிட்டுச் சொல்வது, நஷ்டஈட்டுக்கும் வழி சொல்வது. 1999இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஒத்த மருத்துவமனைகளைவிட நஷ்டஈட்டுச் சுமை கூடிவிடவில்லை. ஆனால் அங்கே வழக்கு வந்தால் அரசு நிற்கும், டாக்டர் தனியாளாக நிற்க வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு இந்த உதாரணத்தைப் பேசக்கூடாது.

பிப்ரவரி 14, காலை 7.00

ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் நேற்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். "நீங்க சொல்லலாம் மேடம். உங்களுக்கு ஒரு விளக்கக் கடிதத்தோட போயிடும். எங்களுக்கு மெமோ. தொகுப்பூதியத்துல இருக்கிறவளுக்கு வேலையே போயிடும்."

அவர் சொல்வது சரி. முதல் குறிப்பில் நான் பயிற்சி மருத்துவரிடம் பேசினேன், கையில் ஊசி பிடிப்பவரைப் பற்றி யோசிக்கவில்லை. சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டாரிடம் போகும் முன் சம்பந்தப்பட்ட எல்லோரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். என்ன நடந்தது, யார் சொல்லப்போகிறோம், யார் பெயர் வராது. பேசுவது அந்த ஷிப்டில் மூத்தவர். "எங்க டீம்ல தப்பு நடந்துச்சு, பொறுப்பு என்னோடது" என்று அவர் சொல்லட்டும். "நர்ஸ் தப்பா போட்டுட்டாங்க" என்று சொல்லும் டாக்டர் உண்மையைச் சொல்லவில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கிறார்.

குளவி கேஸிலும் அப்படித்தான். இரைச்சலில் வாய்மொழியாக ஆர்டர் கொடுத்தார் சீனியர். அளவையும் வழியையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. பாதித் தவறு அங்கே இருக்கிறது.

பிப்ரவரி 14, காலை 7.12

அந்தத் தங்கைக்கு: உங்களுக்கு மெமோ வந்ததா என்று எழுதவில்லையே. வந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

பிப்ரவரி 17, இரவு 8.45

"கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா..."

நம் மருத்துவமனைகளில் மிக அதிகமாகப் புழங்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சில நேரம் உண்மை. பல நேரம் பழக்கதோஷத்தில் வருகிறது. அந்தப் பையன் விஷயத்திலும் ஐசியூவில் ஒரு ஜூனியர் இதைச் சொல்லியிருக்கிறார். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்த பாட்டியிடம்! ஜூனியரைக் குறை சொல்லவில்லை, எங்களைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார்.

நம்மிடம் இன்னும் இருக்கின்றன: 'ஒத்துக்கலை', 'உடம்பு தாங்கலை', 'காம்ப்ளிகேஷன் ஆயிடுச்சு', 'நேரம் சரியில்லை'. எல்லாமே நோயாளியின் உடம்பையோ வீட்டாரையோ விதியையோ கை காட்டுகின்றன. 'நாங்கள்' என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

பிரசவத்தில் தாய் இறந்தால் தமிழ்நாட்டில் தணிக்கை நடக்கும். ஆட்சியர் கூட்டத்துக்கு வீட்டாரையும் அழைத்து நடந்ததைக் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு, இதற்காக நம் மாநிலத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஒருமுறை நானும் போயிருந்தேன். கணவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் சொன்ன நேரக்கணக்கை வைத்துத்தான் தாமதம் எங்கே என்று பிடிபட்டது. நாங்கள் வெளியே வந்தபோது அவர் இருந்த பெஞ்சில் ஒரு மஞ்சள் பை மட்டும் இருந்தது. மறந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அவர் சொன்னதிலிருந்து நாங்கள் கண்டுபிடித்ததை அவருக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, காலை 6.55

வேல்ஸில் 1990இல் ஒரு பத்து வயதுப் பையன் இறந்தான். அட்ரினல் சுரப்பி நோய் என்று மருத்துவமனைக்கு முன்பே சந்தேகம் இருந்தது, சோதனை செய்ய வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. பெற்றோருக்குச் சொல்லவில்லை. அந்த அப்பா பல ஆண்டுகள் போராடினார். இங்கிலாந்தில் உண்மையைச் சொல்வது 2014இல் மருத்துவமனைகளின் சட்டக் கடமையானது. அந்தப் பையனின் வேல்ஸில் அது வர 2023 ஆனது. முப்பத்துமூன்று வருடம்.

பிப்ரவரி 20, இரவு 12.30

"சொன்னால் அடிப்பார்கள்" என்பவர்களுக்கு. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனைக்குள்ளேயே புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார் ஒரு நோயாளியின் மகன். அம்மாவுக்குக் கொடுத்த சிகிச்சை சரியில்லை என்பது அவர் மனதில் இருந்த எண்ணம். அந்த வாரம் நானும் பயத்தோடுதான் வேலைக்குப் போனேன். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குபவர்களுக்கு எதிரான தமிழ்நாட்டின் 2008 சட்டத்தில் பத்தாண்டு வரை சிறை என்று இருப்பது, கத்தி வரும் நொடியில் உதவாது.

அதனால் நேரமும் இடமும் பார்க்க வேண்டும். உடல் இன்னும் ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போது, வாசலில் முப்பது பேர் நிற்கும்போது சொல்ல வேண்டாம். "என்ன நடந்ததுன்னு முழுசா பாத்துட்டு நாளைக்குக் காலைல நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அதேபோல் கூப்பிட வேண்டும். காலை வரை தள்ளிவைப்பது மறைப்பது ஆகாது. கூப்பிடாமல் விட்டால் ஆகும்.

பையனின் அப்பா மறுநாள் வார்டு வாசலில் பத்து நிமிடம் என்னைக் கத்தினார். எல்லோரும் பார்த்தார்கள். நின்று கேட்டேன். அவருக்கு அந்தப் பத்து நிமிடம் தேவைப்பட்டது.

பிப்ரவரி 22, இரவு 11.58

10ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டு வாரமாக உறுத்துகிறது.

மூன்றாம் நாள் நானாகவே பையனின் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னது போல எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பையன் பிழைத்துவிடுவான் என்று தெரிந்துவிட்டது, வீட்டார் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று விடியற்காலையில் என்னிடம் வந்து சொன்ன அதே ஸ்டாஃப் நர்ஸ்தான் வந்து, "மேடம், அந்த அப்பத்தா மூணு நாளா வேப்பமரத்தடியிலயே உட்காந்திருக்கு. பேரனைப் பாக்க உள்ள வரல. மருமக வரக்கூடாதுன்னு சொல்லிருச்சாம்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் போனேன்.

இன்னொன்று. கட்டுவிரியன் விஷத்தில் கண் திறக்காது, கை அசையாது, ஆனால் நினைவு இருக்கும். டியூப் எடுத்த பிறகு அந்தப் பையன் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "ரெண்டு டாக்டர் என் பக்கத்துல நின்னு, நாலு மணிக்கே கண்டுபிடிச்சிருக்கலாம்னு பேசிக்கிட்டாங்க." அந்த இருவரில் ஒருத்தி நான். நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வீட்டுக்கு உண்மையைச் சொல்லியிருக்கப்போவது அவன்தான்.

மார்ச் 2, மாலை 5.20

அவர்களை வரவழைத்து உண்மையைச் சொல்லிவிட்டதாகக் குளவி கேஸ் தம்பி எழுதியதைப் பார்த்தேன். உதவிப் பேராசிரியர் கூட வந்தது நல்லது. குளவி கொட்டியவர் கேட்ட "அப்ப அந்த ஊசி எனக்கு ஆகும்ல?" என்ற கேள்விக்குத்தான் இத்தனை பேச்சும். அவர் மனைவி கோபப்பட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றது சரி. அதற்குப் பதில் இல்லை.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. புதுச் சீட்டு கொடுத்தது போதாது. 'அட்ரினலின் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சீட்டு அவர் வீட்டில், ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக இருக்கும். அடுத்த தடவை அவசரத்தில் கையில் கிடைப்பது அதுதான். அதை எடுத்துவரச் சொல்லி, அந்த வரியை அடித்து, 'குளவிக்கடி ஒவ்வாமை உண்டு, அட்ரினலின் கொடுக்கலாம்' என்று தமிழிலும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.